குண்டசாலைச் சாயமும் நம் வீட்டு நினைவேடும்

கண்டிக்குச் சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் வாவியைச் சுற்றி ஒரு நடை நடப்பார்கள். பேராதனைப் பூந்தோட்டத்தில் பிள்ளைகளை ஓடவிடுவார்கள். பிறகு நுவரெலியாக் குளிரைத் தேடி வண்டியைத் திருப்பிவிடுவார்கள். சகோதரிகளே! அடுத்த விடுமுறையில் நீங்கள் கண்டிக்கு வந்தால், ஒரே ஒரு நாளை ஒதுக்கி வைத்துக்கொண்டு, கிழக்கே மஹியங்கனைக்குப் போகும் பாதையில் ஏறிவிடுங்கள். தென்னக்கும்புரையில் மகாவலி கங்கையின் பாலத்தைக் கடந்து சற்று நேரம் போனால் குண்டசாலை வந்துவிடும்.

அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நிறம் இருக்கிறது! இலையிலிருந்தும் மரக்கட்டையிலிருந்தும் மண்ணிலிருந்தும் நிறம் எடுத்த மனிதர்களின் கைவேலை இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினால், உங்கள் அடுப்பங்கரையிலேயே சாயம் காய்ச்சி, அச்சு வெட்டி, பின்னணித் தாள் அடித்து, குடும்பத்துக்கு ஒரு நினைவேடு செய்துவிடலாம்.

நினைவேடு செய்வதற்கென்றே இன்று பெரிய கடைகளில் பூப்போட்ட தாள், ரப்பர் முத்திரை, மைப்பெட்டி, பசைக்குழாய் எல்லாம் விற்கிறார்கள். விலையைக் கேட்டதும் பலர் பையைத் திரும்ப வைத்துவிடுகிறார்கள். பணம் இல்லாததால் நினைவேடு இல்லாமல் போக வேண்டியதில்லை. அதைச் சொல்லத்தான் உங்களைக் குண்டசாலைக்கு அழைக்கிறேன்.

அரசர் வாழ்ந்த ஊர்

1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட வீர நரேந்திரசிங்கன் இந்த ஊரில் மாளிகை அமைத்து வாழ்ந்தார். அதனால் அவருக்குக் 'குண்டசாலை அரசர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவருக்குப் பின் அரியணை ஏறியவர் மதுரை நாயக்கர் வழியில் வந்த அவருடைய அரசியின் சகோதரர். 1739 முதல் 1815இல் ஆங்கிலேயர் கண்டியைப் பிடிக்கும்வரை அந்த வழியினரே ஆண்டார்கள். ஆக, தமிழகத்துச் சகோதரிகளுக்கும் இந்த மலைநாட்டோடு ஓர் உறவு உண்டு.

நமக்கும் உண்டு. கண்டி அரசின் காலத்தில் மலைப்பாதைகளில் உப்பையும் பாக்கையும் மாட்டுப் பொதிகளில் ஏற்றி இறக்கியவர்களில் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். இந்த ஊர்களில் நம்மவர்கள் நேற்று வந்து குடியேறியவர்கள் அல்லர்.

அரசர் இருந்த இடத்தைச் சுற்றிக் கைவினைஞரும் இருந்தார்கள். நத்தரம்பொத்தையில் 'கலாபுர' என்னும் கைவினைக் கிராமம் இருக்கிறது. பித்தளையிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்கிறவர்களை அங்கே காணலாம். பிள்ளைகளோடு போகிறவர்கள் அவசரப்படாதீர்கள். ஒரு தகட்டில் ஒரு பூவை உளியால் தட்டி எழுப்ப எத்தனை தட்டு வேண்டும் என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். பாதியிலேயே எண்ணிக்கையை விட்டுவிடுவார்கள்!

தும்பறைப் பாய்

குண்டசாலைக்கு அருகே ஹேனவல என்னும் ஊர். 'தும்பற ரட்டா கலால' என்று சிங்களத்தில் சொல்லப்படும் அலங்காரப் பாயின் ஊர் இது. இதை நெய்பவர்கள் கின்னர சமூகத்தார். சாதி அடுக்கில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மக்கள். ஆனாலும் அரசனுக்குப் பாய் நெய்து கொடுத்த கை அவர்களுடைய கைதான். 2021இல் யுனெஸ்கோ நிறுவனம் இந்தக் கைவேலையை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. இன்று இதைத் தொழிலாகச் செய்யும் குடும்பங்கள் மிகச் சிலவே.

பாய் என்றதும் நமக்குக் கோரையும் பனையோலையும்தான் நினைவுக்கு வரும். இது வேறு. கற்றாழை போலக் கத்தி இலை நீட்டி வளரும் 'ஹண' என்னும் செடியின் நார் இது. இலையைப் பலகையில் வைத்துச் சுரண்டிச் சதையை நீக்குகிறார்கள். மிஞ்சும் வெள்ளை நாரைக் கழுவி, உலர்த்தி, முறுக்கி நூலாக்குகிறார்கள். பிறகு சாயம். பழைய முறையில் சிவப்புக்குப் 'பதங்கி' என்னும் சப்பங்கிக் கட்டை. நம் நாட்டு மருந்துக் கடைகளில் பதிமுகம் என்று கேட்டால் கிடைப்பது அதுதான். மஞ்சளுக்கு மரமஞ்சள். கறுப்புக்குக் கடுக்காய் போன்ற துவர்ப்புக் காய்கள். தரையோடு தாழ்ந்து கிடக்கும் தறியில் நூலை ஓட்டி, யானை, மான், பறவை, கொடி என்று உருவங்களைக் கட்டமாகவும் கோணமாகவும் எழுப்புகிறார்கள்.

அங்கே போனால் சுவரில் மாட்டும் ஒரு சிறு துண்டையாவது விலை கொடுத்து வாங்கி வாருங்கள். பேரம் பேசிப் பாதியாகக் குறைக்காதீர்கள். நார் சுரண்டுவதிலிருந்து கணக்குப் போட்டால் அது எத்தனை நாள் கூலி என்பது உங்களுக்கே விளங்கும்.

பாறைச் சுவரில் பழைய வண்ணம்

பக்கத்திலுள்ள அமுனுகமையில் தெகல்தொறுவை என்னும் பௌத்தக் குகைக் கோயில் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் வேலை தொடங்கி, அவர் தம்பி ராஜாதி ராஜசிங்கன் காலத்தில் முடிந்தது. சில்வத்தென்ன என்ற துறவி ஓவியரும் அவரோடு சேர்ந்தவர்களும் தீட்டிய சுவர்கள் அவை. அது நம் அண்டை அயலாரின் வணக்கத் தலம். வரலாறும் ஓவியமும் அறிய விரும்புகிறவர்கள் அதற்குரிய மரியாதையோடு பார்த்து வரலாம்.

அந்த நாளைய கண்டி ஓவியர்கள் கடையில் வண்ணம் வாங்கவில்லை. 'மக்குலு' என்னும் வெண்மண் வெள்ளைக்கு. சாதிலிங்கம் சிவப்புக்கு. கொறுக்காய் இன மரத்தின் மஞ்சள் பிசின் மஞ்சளுக்கு. புகைக்கரி கறுப்புக்கு. எல்லாவற்றையும் சுவரில் பிடித்து நிறுத்த விளாம்பிசின். இந்தச் செய்முறைகளையெல்லாம் கைவினைஞரிடம் கேட்டறிந்து எழுதி வைத்தவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் 1877இல் பிறந்த தமிழர் மகன். அவர் 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலில் சாயம், பாய், அரக்கு, ஓவியம் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. ஒரு தலைமுறை எழுதி வைக்காவிட்டால் அடுத்த தலைமுறை தடுமாறும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஓர் எச்சரிக்கை! சாதிலிங்கத்தில் பாதரசம் உண்டு; அரிதாரத்தில் நஞ்சு உண்டு. பழைய ஓவியர் பயன்படுத்தினார்கள் என்பதற்காக அவற்றை வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். நமக்குத் தேவையானவை எல்லாம் சாப்பாட்டுச் சாமான்களோடேயே கிடைக்கும்.

முரக்கா என்றால் என்ன?

படம் ஒட்டி, ஓரம் அலங்கரித்து ஏடு கட்டுவது மேல்நாட்டார் கண்டுபிடிப்பு என்று நினைக்கிறோம். முஸ்லிம் உலகில் இது பல நூற்றாண்டு பழக்கம். அதற்கு 'முரக்கா' என்று பெயர். ஒட்டுப் போட்டது என்பது அந்த அரபுச் சொல்லின் பொருள். ஒருவருடைய கையெழுத்து, இன்னொருவருடைய ஓவியம், வேறொரு நாட்டுத் தாள் என்று துண்டு துண்டாகக் கிடைத்தவற்றை ஒரே ஏட்டில் ஒட்டி, சுற்றிலும் பொன் தூவிய ஓரம் வைப்பார்கள். பாரசீக இளவரசர் பஹ்ராம் மிர்ஸாவுக்காக தோஸ்த் முஹம்மத் 1544இல் தொகுத்த முரக்கா இன்று இஸ்தான்புல் தோப்காப்பி மாளிகையில் இருக்கிறது. முகலாய மன்னர் ஜஹாங்கீர் தொகுத்த குல்ஷன் முரக்கா தெஹ்ரானில் உள்ள குலிஸ்தான் மாளிகையில் இருக்கிறது.

தாளையும் அவர்களே பக்குவம் செய்தார்கள். கஞ்சியோ முட்டை வெண்கருவோ பூசி, உலர்ந்த பின் வழுவழுப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். துருக்கியில் நீர்மேல் வண்ணம் தூவித் தாளில் ஏந்தி எடுக்கும் 'எப்ரு' கலை வளர்ந்தது. 2014இல் அதுவும் யுனெஸ்கோ பட்டியலில் இடம் பெற்றது. இஸ்தான்புல் சுலைமானியா பள்ளிவாசலில் எண்ணெய் விளக்குகளின் புகைக்கரியைச் சேர்த்து எழுத்து மை செய்தார்கள். வீணாகப் போகும் புகை அழகிய எழுத்தானது!

ஏன் இப்போதே செய்ய வேண்டும்?

இது வெறும் பொழுதுபோக்கு என்று சிலர் சொல்லக்கூடும். குண்டசாலையிலிருந்து அதே பாதையில் இன்னும் சிறிது தூரம் போனால் திகனை. அதைத் தாண்டித் தெல்தெனிய. 1985இல் விக்டோரியா அணை திறக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. கடும் வறட்சியில் நீர் இறங்கும்போது பழைய கட்டடங்களின் மிச்சம் தலைகாட்டும். அங்கே பிறந்தவர்களுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போய், 'இதுதான் நான் ஓடி விளையாடிய தெரு' என்று காட்ட ஒரு தெரு இல்லை.

2018 மார்ச் மாதத்தில் இதே திகனையிலும் தெல்தெனியவிலும் கண்டியின் வேறு பல ஊர்களிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கி எரிக்கப்பட்டன. மார்ச் 6ஆம் தேதி நாடெங்கும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. எரிந்த சுவரைக் கட்டலாம், கூரையைப் போடலாம். உம்மும்மாவின் ஒரே புகைப்படத்தை எந்தக் கடையில் வாங்குவது?

1990 அக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களைக் கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். குழந்தையைத் தூக்குவதா, ஆல்பத்தைத் தூக்குவதா? தாய்மார் குழந்தையைத் தூக்கினார்கள். ஆல்பங்கள் அலமாரியிலேயே இருந்துவிட்டன.

ஆகவே நினைவேடு செய்யும்போது முதல் விதி: இரண்டாகச் செய்யுங்கள். ஒன்று உங்களிடம், மற்றது வேறு ஊரில் உள்ள சகோதரி வீட்டில். மூலப் படத்தையும் மூலப் பத்திரத்தையும் ஏட்டில் ஒட்டாதீர்கள். நகல் எடுத்து நகலையே ஒட்டுங்கள். கைபேசியில் கிடக்கும் படங்களில் முக்கியமானவற்றையாவது அச்சிட்டுக்கொள்ளுங்கள். கைபேசி பழுதானால் பத்து வருடம் ஒரே நொடியில் போய்விடும்.

சாயம் காய்ச்சுவோம்

தேயிலை: மலைநாட்டில் இதற்குப் பஞ்சமே இல்லை. இரண்டு மேசைக்கரண்டித் தூளை இரண்டு கோப்பை நீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடித்து ஆறவிடுங்கள். அகன்ற தட்டில் ஊற்றி, கெட்டியான வெள்ளைத் தாளை ஐந்து நிமிடம் படுக்க வையுங்கள். பழைய கடதாசியின் பழுப்பு நிறம் வரும். ஈரத்தாளின் மேல் கொஞ்சம் சக்கையைத் தூவி உலரவிட்டால் அழகான புள்ளிகள் விழும். முக்கால் பங்கு உலர்ந்ததும் துணிக்கு நடுவில் வைத்து மேலே கனமான புத்தகங்களை ஏற்றுங்கள். தாள் சுருங்காது.

பதங்கிக் கட்டை: ஒரு பிடிச் சிராயை இரவு ஊறவைத்து, காலையில் அரை மணி நேரம் காய்ச்சுங்கள். ஒரு சிட்டிகை படிகாரம் போட்டால் சிவப்பு நன்றாகப் பிடிக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சாயத்தை மூன்று கிண்ணங்களில் பிரித்து, ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் சில துளி எலுமிச்சைச் சாறு விடுங்கள்; மஞ்சளுக்குத் திரும்பும். மூன்றாவதில் கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிநீர் விடுங்கள். ஊதா கலந்த கருஞ்சிவப்பாகும். ஒரே பானையில் மூன்று நிறம்!

மஞ்சள்: மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்பது நம் உம்மும்மாமார் அறிந்ததே. தாளில் மஞ்சள் நீரைப் பூசி உலரவிடுங்கள். பிறகு அச்சைச் சுண்ணாம்புத் தெளிநீரில் தொட்டு ஒற்றுங்கள். மஞ்சள் தளத்தில் சிவப்புப் பூ மலரும். வெயில் பட்டால் மஞ்சள் வெளுக்கும். இந்தச் சிவப்பும் நாளடைவில் மங்கும். ஏட்டுக்குள் மூடியே இருக்கும் பக்கங்களுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. இந்த வேலையைப் பிள்ளைகளிடம் விடாமல் நீங்களே செய்யுங்கள்.

விளக்குக்கரி: எல்லாவற்றிலும் நிலைத்து நிற்பது இதுதான். தேங்காயெண்ணெய் விளக்கின் சுடருக்கு மேல் மண்சட்டி மூடியைக் கவிழ்த்துப் பிடித்தால் கரி படியும். அதைச் சுரண்டி, விளாம்பிசின் ஊறிய நீரில் நன்றாகக் குழைத்தால் மை தயார். பெயர், ஊர், தேதி எழுதுவதற்கு இதையே பயன்படுத்துங்கள். மற்றச் சாயங்கள் வெளுத்தாலும் கரி வெளுக்காது.

அச்சு வெட்டுவோம்

சாயம் தண்ணீராக இருந்தால் அச்சு பரவிவிடும். இரண்டு தேக்கரண்டி அரிசி மாவை ஒரு கோப்பை நீரில் கரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறியபின் சாயத்தோடு கலந்து கொள்ளுங்கள். பழைய ஸ்பஞ்சுத் துண்டைத் தட்டில் வைத்து அதில் ஊற்றினால் மைப்பெட்டி தயார்.

முற்றிய வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து மூலைப் பூ. வாழை மட்டையை வெட்டினால் தேன்கூடு போன்ற அறைகள். உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, தும்பறைப் பாயில் பார்த்த கோணக் கட்டங்களைக் கத்தி முனையால் செதுக்குங்கள். வெட்டிய முகத்தைத் துணியில் ஒற்றி ஈரத்தை எடுத்தபின் மை தொடுங்கள். காய்கறி அச்சு ஒரு நாளைக்குத்தான் தாங்கும். நீண்ட நாளைக்கு வேண்டுமானால், தேய்ந்து போன ரப்பர் செருப்பின் அடியை வடிவமாக வெட்டி மரக்கட்டையில் ஒட்டுங்கள். கட்டையைச் சுற்றி நூலைக் குறுக்கும் நெடுக்குமாக இறுகக் கட்டினாலும் நெசவு போன்ற பின்னணி விழும்.

மலைப்பாதை ஓரத்தில் ஒரு பன்னம் வளர்கிறது. அதன் இலையின் அடிப்பக்கம் வெள்ளிப் பொடி பூசியது போல இருக்கும். அதைக் கையில் வைத்து அழுத்தினால் வெள்ளை இலை உருவம் பதிந்துவிடும். மலைநாட்டுப் பிள்ளைகளின் பழைய விளையாட்டு இது. கருந்தேயிலைச் சாயமிட்ட தாளில் இலேசாகக் கஞ்சி தடவி, பாதி உலர்ந்த நிலையில் இந்த இலையை அழுத்திப் பாருங்கள்.

அச்சடித்துக் காய்ந்த தாளின் மேல் மெல்லிய கஞ்சியை ஒரு தடவை பூசி உலர்த்தி, வழுவழுப்பான ஆற்றுக் கூழாங்கல்லாலோ கண்ணாடிப் போத்தலாலோ தேய்த்துவிடுங்கள். முரக்கா செய்தவர்களின் மெருகு உங்கள் தாளுக்கும் வரும்.

ஒட்டுவதில் கவனம்

ஒரு பங்கு கோதுமை மாவுக்கு ஐந்து பங்கு நீர் சேர்த்துக் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கண்ணாடி போல் வரும்வரை கிண்டினால் நல்ல பசை. இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும்; அன்றன்றைக்குச் செய்துகொள்ளுங்கள். மாப்பசைக்குக் கரப்பானும் ஏட்டுப் பூச்சியும் வரும். பெட்டிக்குள் உலர்ந்த வேப்பிலையும் கிராம்பும் போட்டு வையுங்கள். ஒட்டிய பக்கம் முழுதாக உலராமல் ஏட்டை மூடினால் கண்டி ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடித்துவிடும்.

ஒட்டும் பிளாஸ்டிக் நாடா வேண்டாம். சில ஆண்டுகளில் மஞ்சளாகிக் கறைபடும். படத்தின் பின்புறம் முழுதும் பசை தடவாமல், நான்கு மூலைக்கும் தாளில் சிறு உறை செய்து செருகுங்கள். சாயமிட்ட தாளுக்கும் படத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் தாள் இருக்கட்டும். கல்யாண அழைப்பிதழில் பிஸ்மில்லாஹ்வோ இறைவசனமோ அச்சிட்டிருந்தால் அந்தப் பகுதியை வெட்டி ஒட்டாதீர்கள். அழைப்பிதழை முழுதாக ஓர் உறையிலிட்டு ஏட்டின் முதற்பக்கத்தில் வையுங்கள்.

படம் மட்டும் நினைவு அல்ல. உம்மாவின் கையெழுத்தில் உள்ள வட்டிலப்பக் குறிப்பு, வாப்பாவின் கடைக் கணக்குச் சீட்டு, பிள்ளையின் முதல் பாடசாலைப் பெயர்ப்பட்டை, மருதோன்றி அரைத்துத் தாளில் பதித்த பெருநாள் கை, ஹஜ்ஜிலிருந்து வந்த கடிதம் எல்லாம் ஏடேறட்டும். ஒவ்வொன்றின் கீழும் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று எழுதுங்கள். பெயரில்லாத படத்தை மூன்றாம் தலைமுறை அடையாளம் காணாது. வீட்டில் வயதில் மூத்தவர் இருந்தால் இந்த வாரமே பழைய படங்களை அவர் முன் பரப்பி, சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். சாயம் அடுத்த மாதமும் காய்ச்சலாம். அவரிடம் கேட்பதைத் தள்ளிப் போடாதீர்கள்.

வருகிற விடுமுறையில், இன்ஷா அல்லாஹ், பிள்ளைகளோடு குண்டசாலை போய் வாருங்கள். ஹேனவலயில் ஒரு பாய்த் துண்டு வாங்குங்கள்; திரும்பும் வழியில் நாட்டு மருந்துக் கடையில் ஒரு பொட்டலம் பதங்கிக் கட்டையும் வாங்குங்கள். அந்தப் பாய்த் துண்டையே உங்கள் நினைவேட்டுக்கு அட்டையாகப் போடலாம். இரண்டு ஏட்டுக்கு இரண்டு துண்டு வேண்டும், மறந்துவிடாதீர்கள்!